பழைய ரூலுக்கு விளக்கம்

ஆட்டம் எப்போது தொடங்கும் என்று கேட்டால், "ரூல்ஸ் முடியட்டும்" என்பார். ரூல்ஸ் எப்போது முடியும் என்று கேட்டால், "அது ஆட்டம் போகப் போகத்தானே தெரியும்" என்பார். காவலூரில் இப்படி ஒருவர் உண்டு என்று எழுதினால் ஆலங்காயத்துக்காரர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று சண்டைக்கு வருவார். ஜமுனாமரத்தூர்க்காரர் தன்னை விட்டுவிட்டேன் என்று வருத்தப்படுவார். ஆகவே ஜவ்வாது மலையில் ஊர் எதுவாகவும் இருக்கட்டும். 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டமான பிறகும், விதிப் பட்டியலின் தலைப்பில் பச்சை மையால் 'வேலூர் மாவட்டம்' என்றே எழுதுகிறவர் அவர். ஏன் என்று கேட்டால், "ரூல் போட்டப்ப வேலூர்தானே, ரூலை மாத்த முடியாது" என்பார். அவர் வாழ்நாளில் மாற்றாத ஒரே வரி அதுதான்.

ஆட்டம் குருசேடர் கிங்ஸ் 3. பாரடாக்ஸ் என்ற சுவீடன் நிறுவனம் 2020 செப்டம்பரில் வெளியிட்டது. 867, 1066 போன்ற ஒரு தொடக்க ஆண்டில் ஓர் அரச வம்சத்தைக் கையில் எடுத்து, 1453 வரை பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று இழுத்துக்கொண்டு போக வேண்டும். நான்கு பேர் சேர்ந்து ஒரே வம்சத்தை ஆடுவதற்கு ஒரு வழி உண்டு. அரசர் சாகும் வரை ஒருவர் ஆடுவார். செத்ததும் சேவ் ஃபைலை அடுத்தவருக்கு அனுப்பிவிடுவார். மலையில் இணையம் வரும் லட்சணத்துக்கு நான்கு பேரும் ஒரே நேரத்தில் ஆடுவதைவிட இதுதான் நடக்கிற காரியம். இதற்கு விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரசர் கிழமாகிப் படுத்ததும் கஜானாவைத் துடைத்து, கடனை வாங்கிவைத்து, சுற்றியுள்ள எல்லோரையும் பகைத்துவிட்டு, "இந்தா மச்சி, உன் டேர்ன்" என்று ஃபைலை அனுப்பும் பாவிகள் இந்த உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு விதி வேண்டும். ஃபைலை வாங்கிவைத்துக்கொண்டு பொங்கலிலிருந்து ஆடி வரை பதில் போடாதவர்களுக்காக இன்னொன்று. தோற்றதும் பழைய சேவைத் திறந்து தோல்வியே நடக்காததுபோல ஆடுகிறவர்களுக்காக மூன்றாவது. இதற்கு மேல் என்ன வேண்டும்? அவரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவார்.

அவருடைய விதிகள் அதிகம் என்பதுகூடக் குற்றமில்லை. அவை தூங்குவதில்லை என்பதுதான் குற்றம். நான்காவது விதியை எடுத்துக்கொள்வோம். இந்த ஆட்டத்தில் அரசர் இறந்தால், தொடக்க கால வாரிசுச் சட்டப்படி நாடு பிள்ளைகளுக்குள் பங்காகிவிடும். நான்கு பிள்ளை பெற்றவன் நாடு நான்கு துண்டு. அதைத் தவிர்க்கப் பிள்ளைகளை உரிமையிலிருந்து விலக்கலாம். சமயம் இடம்கொடுத்தால் துறவுக்கு அனுப்பலாம். மனசாட்சி இடம்கொடுத்தால் வேறு வழியும் உண்டு. நம்மவர் முதல் நாளே எழுதிவிட்டார்: பெற்ற பிள்ளையை எக்காரணம் கொண்டும் விலக்கக்கூடாது, அது தமிழ் மரபல்ல. எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு அவருடைய முறையில் அவருடைய அரசருக்கு அடுத்தடுத்து ஆண்குழந்தைகளாகப் பிறந்தன. நள்ளிரவு தாண்டி வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி வந்து விழும். "தம்பிகளா, இது புது ரூல் இல்ல. பழைய ரூலுக்கு விளக்கம். பையனா விரும்பித் துறவு போனா அது விலக்குறது ஆகாது. இளங்கோவடிகள் போகலையா?" அண்ணன் செங்குட்டுவனுக்காக அரசைத் துறந்த இளவல் என்ற மரபுக் கதையை அதுவரை யாரும் வாரிசுப் பிரச்சினைக்குச் சட்ட முன்னுதாரணமாகக் காட்டியதில்லை. அடுத்து ஆடியவர் இதைப் பிடித்துக்கொண்டு தன் மூன்று மகன்களையும் வரிசையாகத் துறவுக்கு அனுப்பினார். உடனே விளக்கத்துக்கு விளக்கம்: இளங்கோ ஒருவர்தான், ஆகவே தலைமுறைக்கு ஒருவர்தான். மறுபடி அவர் முறை வந்தது. இரட்டைக் குழந்தை. 'ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள் ஒருவராகக் கருதப்படுவர்.' நான்கு, நான்கு-அ, நான்கு-ஆ, நான்கு-இ. கேட்டால் ஒரே பதில்தான். புது ரூல் இல்ல தம்பி, விளக்கம்.

போர் விதியும் இப்படித்தான் வளர்ந்தது. ஒரே நேரத்தில் இரண்டு போர் கூடாது என்றார். அவரை ஒருவன் தாக்கினான்; தற்காப்புப் போர் கணக்கில் வராது என்றார். தாக்கியவனின் கூட்டாளி நாட்டை இவர் பிடித்தார். அது தற்காப்பின் நீட்சி என்றார். மற்றவர்களும் நீட்டத் தொடங்கியபோது, நீட்சிக்கு இடையே ஓர் அறுவடைக் காலம் கழிய வேண்டும் என்றார். மழை பொய்த்தால் அறுவடை உண்டா என்று ஒருவர் கேட்டுத் தொலைத்தார். அதற்கும் ஒரு விளக்கம் எழுதப்பட்டது. ஜவ்வாது மலைக்குத் தெற்கே செங்கம் பக்கத்து நடுகற்களில் எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டில், எந்த ஊர் மாட்டை மீட்டு, யார் பட்டான் என்று படித்து அறிஞர்கள் பல்லவர் காலத்து வரலாற்றை எழுதினார்கள். அதே போல இவருடைய விதிப் புத்தகத்தை வரிசையாகப் படித்தால், எந்த ஆண்டில் எந்தக் கோட்டையில் அண்ணன் அடிவாங்கினார் என்ற முழு வரலாறும் கிடைத்துவிடும். ஒவ்வொரு விதிக்கு அடியிலும் ஒரு தோல்வி புதைந்திருக்கிறது.

விதிக்குக் காரணம் கேட்டால் அவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் 'வரலாற்றுப்படி' என்ற சொல். வரலாற்றுப்படி இது நடக்காது, ஆகவே கூடாது. நான் மறுப்பது இந்த இடத்தைத்தான். அவர் 'நடக்காது' என்று தடுத்திருப்பவற்றை வரலாற்றில் தேடினால் ஒன்று விடாமல் நடந்திருக்கின்றன. தாய்வழியில் அரியணை ஏறக்கூடாது என்பது அவருடைய ஆறாவது விதி. 1066இல் சோழ அரியணையில் இருந்தவன் வீரராசேந்திரன். 1070இல் அவன் இறந்தான். மகன் அதிராசேந்திரன் அந்த ஆண்டைத் தாண்டவில்லை. யார் வந்தது? வேங்கியின் கீழைச் சாளுக்கிய இளவரசன். முதலாம் ராசேந்திர சோழனின் மகள் அம்மங்கை தேவிக்குப் பிறந்தவன். அவன்தான் முதலாம் குலோத்துங்கன். ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆண்டு, சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் வாங்கினான். அண்ணனின் ஆறாவது விதி அன்று அமலில் இருந்திருந்தால் சோழ வரலாறு 1070இலேயே முடிந்திருக்கும். கலிங்கத்துப் பரணி பாடச் செயங்கொண்டாருக்கு ஆள் கிடைத்திருக்காது. இளவரசனைச் சதிசெய்து கொல்வது நம்பும்படி இல்லை என்பது ஒன்பதாவது விதி. உடையார்குடிக் கல்வெட்டை எவராவது அவருக்குப் படித்துக் காட்டினால் நல்லது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் முதலான உடன்பிறந்தாரின் பெயரைச் சொல்லி, அவர்களும் உறவினரும் வைத்திருந்த நிலத்தை என்ன செய்வது என்று ராசராசன் காலத்தில் வெட்டிய கல் அது. கடல் தாண்டிப் படை அனுப்பக்கூடாது, அது 'கேம் புத்தி' என்று இன்னொரு விதி. 1025 வாக்கில் ராசேந்திரனின் கப்பல்கள் கடாரத்தின் மேல் போனபோது ஸ்ரீவிஜயத்து அரசனும் இதையே சொல்லியிருப்பான்.

மூன்று அரசர்கள் சேர்ந்து ஒருவனைத் தாக்கக்கூடாது என்ற விதியைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். அதை அவர் அறம் என்றே நினைக்கிறார். வரலாற்றுப்படி அப்படி யாரும் செய்ததில்லையாம். பறம்பு மலையை முற்றுகையிட்டது மூவேந்தரும்தான்; உள்ளே இருந்தது பாரி ஒருவன். தலையாலங்கானத்தில் இளவயது நெடுஞ்செழியன் மேல் வந்தது சேரன், சோழன், கூடவே வேளிர் ஐவர், ஆக ஏழு பேர். 1565 ஜனவரியில் விசயநகரத்தின் மேல் பீஜப்பூர், அகமது நகர், கோல்கொண்டா, பீதர் நான்கும் சேர்ந்து வந்தன. தம்மை விட வளர்ந்துவிட்டவனைச் சிறியவர்கள் சேர்ந்து அடிப்பதுதான் இந்த விளையாட்டின் சமன். அதை எடுத்துவிட்டால் முதலில் வளர்ந்தவன் கடைசி வரை வளர்வான். இதைச் சொன்னால், "நெடுஞ்செழியன் ஜெயிச்சானே" என்பார். ஜெயித்தான்தான். ஆனால் விதியைக் காட்டி ஜெயிக்கவில்லை.

புறநானூறு அவருக்குத் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. போர் தொடுக்கும் முன் அறிவிக்க வேண்டும் என்ற விதிக்குப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைத்தான் சாட்சிக்கு அழைப்பார். பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் நோயாளிகளும் பிள்ளைப்பேறு இல்லாதவரும் அரண் தேடிப் போய்விடுங்கள், அம்பு விடப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போர் செய்தவன் என்று நெட்டிமையார் அவனைப் பாடியிருக்கிறார். இந்த இடத்தில் அண்ணனுக்கு முழு மதிப்பெண். உருப்படியான விதி அது. ஆனால் அதன் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். யாருக்கு விலக்கு என்பது ஒரு மூச்சில் முடிந்துவிடுகிறது. அம்பு புறப்படும் முன்பே சொல்லியாகிவிட்டது. மூன்றாம் நாள் கோட்டை கையை விட்டுப் போகும்போது, 'நோயாளி என்றால் சளி பிடித்தவனும் அடக்கம்' என்று வழுதி ஓலை அனுப்பியதாகச் செய்தி இல்லை. செங்கம் பக்கத்து எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனோடு ஒரு நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று பெயர். கள்ளர்களைக் கடித்து நின்ற நாய் என்று கல் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கல் நட்டவர்கள், நாயைப் படைக் கணக்கில் சேர்க்கலாமா என்று கூட்டம் போட்டிருக்க மாட்டார்கள். அண்ணன் போட்டிருப்பார். நாய் எந்தத் தரப்பில் கடித்தது என்பதைப் பொறுத்து விளக்கமும் வந்திருக்கும்.

இதற்கு அவர் தரப்பில் ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. அதை அவரைவிட நன்றாக நானே சொல்லிவிடுகிறேன். விதியை இறுக்காவிட்டால் ஓட்டை தேடுகிறவன் நுழைவான். ஒவ்வொரு ஓட்டையையும் அடைப்பதைத் தவிர வேறு வழி என்ன? பிரஷ்ய ராணுவமும் அப்படித்தான் நினைத்தது. ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1824இல் படை அதிகாரிகளின் பயிற்சிக்காக வரைபடத்தின் மேல் ஆடும் போர் விளையாட்டை முறைப்படுத்தினார். பின்வந்தவர்கள் அட்டவணை மேல் அட்டவணையாக விதிகளைப் பெருக்கினார்கள். ஆடுவதைவிடப் புத்தகத்தைப் புரட்டும் நேரம் கூடிப்போனது. 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி, விதியைத் தூக்கிப்போடுங்கள், அனுபவமுள்ள நடுவர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று எழுதினார். போரையே தொழிலாகக் கொண்டவர்கள் ஓட்டைக்கு ஒவ்வொன்றாக அடைப்பு வைத்துப் பார்த்துக் களைத்துப்போய் வந்து சேர்ந்த இடம் இது. இன்னொரு பக்கம், அமெரிக்கர் ஆலன் கால்ஹேமர் 1954இல் உருவாக்கிய 'டிப்ளமசி' ஆட்டத்தில் ஆட்டக்காரர்கள் என்ன ஒப்பந்தம் வேண்டுமானாலும் பேசலாம். எதுவும் யாரையும் கட்டாது. ஏமாற்றுவது அங்கே ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே அதைத் தடுக்க விதியே தேவைப்படவில்லை. நம் ஆடுபுலி ஆட்டத்தையும் பாருங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. எல்லா ஆட்டையும் இறக்கி முடிக்கும் வரை ஆடு நகராது. ஒரு மூச்சில் சொல்லக்கூடிய இந்த விதியை வைத்துக்கொண்டு கோயில் தரையிலும் பாறையிலும் கட்டம் கீறித் தலைமுறை தலைமுறையாக ஆடியிருக்கிறார்கள். புலிக்காரர் தோற்கும்போதெல்லாம் கட்டத்தில் ஒரு கோடு கூட்டிக் கீறியிருந்தால் இன்று அதில் காய் வைக்க இடம் இருக்காது.

'அப்படியானால் நடுவராக நானே இருக்கிறேன்' என்பார். இருக்கலாம். ஆடக்கூடாது. ஆடுகிறவரே நடுவர் என்பதில்தான் எல்லாச் சிக்கலும். திருத்தம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், தோற்றவன் கையிலிருந்து தோற்ற இரவே வரும்போது அதை யார் நம்புவார்கள்? அவர் பொய் சொல்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அந்த விளக்கம் பழைய விதிக்குள்ளேயே இருந்தது என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். ஏமாற்றுகிறவனோடு பேசி முடித்துவிடலாம். நம்புகிறவரோடு விடியும் வரை பேச வேண்டும்.

பங்கிட்டு ஆடுவது எப்படி என்று தெரிந்துகொள்ள அவர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தலைக்கு மேலேயே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்றுதான். கேட்கிற ஆராய்ச்சியாளர்கள் பலர். விண்ணப்பங்களை ஒரு குழு பார்த்து, யாருக்கு எந்த இரவு என்று முன்கூட்டியே ஒதுக்குகிறது. அவரவர் இரவு அவரவருக்கு. மேகம் மூடினால் மூடியதுதான். பக்கத்து ஆளின் இரவில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு, மேகம் கணக்கில் வராது என்று விளக்கம் எழுத முடியாது. 1977 மார்ச்சில் ஒரு விண்மீனை யுரேனஸ் மறைக்கப் போகிறது என்று கணக்கிட்டு, உலகில் சில இடங்களில் காத்திருந்தார்கள். காவலூரிலும் ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். கோள் மறைக்கும் நேரத்துக்கு முன்பே விண்மீனின் ஒளி ஒருமுறை மங்கித் திரும்பியது. யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்று அந்த இரவின் பதிவுகளிலிருந்துதான் உலகுக்குத் தெரிந்தது. கவனம் தப்பியிருந்தால் மறுபடி திறந்து பார்க்க அங்கே சேவ் ஃபைல் கிடையாது. இந்தக் கதையை அவருக்குச் சொன்னால் மிகவும் ரசிப்பார். எதிர்பாராமல் மங்கினால் அது கணக்கில் சேருமா என்றும் கேட்பார்.

அவரைத் தூக்கிவிட்டு ஆடலாமே என்பது எளிதாகத் தோன்றும். முடியாது, இது கொஞ்சம் கசப்பான உண்மை. சேவ் ஃபைலைப் பென் டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று என்று இரண்டு இடத்தில் காப்பாற்றி வைப்பவர் அவர்தான். யாருடைய முறை என்று நினைவூட்டுபவர் அவர்தான். ஒவ்வோர் அரசன் சாகும்போதும் மெய்க்கீர்த்தி நடையில் ஒரு பக்கம் எழுதிக் குழுவில் போடுவார். அடுத்தவர் ஆடிய மோசமான ஆட்சியைக்கூட அதில் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார். மூன்று பிள்ளைகளையும் துறவுக்கு அனுப்பிய அந்த அரசனைத் தருமத்தின் திருவுருவம் என்று எழுதியவரும் அவரேதான். ஓட்டை தேடுகிறவர்கள், ஃபைலை ஊறப்போடுகிறவர்கள், சேவைத் திருப்பித் திறக்கிறவர்கள் எல்லோரும் ஆட்டத்தை விரும்புகிறார்கள். ஆட்டம் நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறவர் அவர் ஒருவர். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறார் என்பது புரிகிறது. புரிந்தும் கோபம் தணியவில்லை.

ஏனென்றால் கணக்கு இதுதான். இரட்டைக் குழந்தை விவகாரம் பற்றி எரிந்ததும், பழைய ஃபைலைக் கிடப்பில் போட்டுவிட்டு, செம்மைப்படுத்திய விதிகளோடு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆடலாம் என்று முடிவெடுத்தார். குழுவின் தலைப்பில் 'முதல் அமர்வு: சனி இரவு 8 மணி' என்று இருக்கிறது. எந்தச் சனி என்று எழுதவில்லை. மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்து, ஆய்வகத்துக்காரர்கள் தங்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். இங்கே 1066 செப்டம்பரிலேயே எல்லோரும் நிற்கிறோம். முன்னுரையில் 'வம்சம்' என்ற சொல்லுக்கு வரையறை பாக்கியாம். உண்மையில் 1070இல் இறந்துபோன வீரராசேந்திரன் இந்த மலையில் மட்டும் சாக முடியாமல் உட்கார்ந்திருக்கிறான். அவன் செத்தால்தான் அடுத்த ஆளுக்கு முறை வரும். அடுத்த ஆள் நான்.